எஸ்கார்ட் ஆசிரியரின் இரவு

மாவட்டப் போட்டியில் வென்ற பள்ளிக் கபடி அணிக்கு மாநிலப் போட்டிக்கான தேதி வந்துவிடுகிறது. வெளியூர், மூன்று நாள், இரண்டு இரவு. ஆடப்போகிறவர்கள் பெண் பிள்ளைகள், உடற்கல்வி ஆசிரியரோ ஆண். ஆகவே எஸ்கார்ட் போக ஒரு டீச்சர் வேண்டும். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழுந்ததும் எல்லோரும் விடைத்தாள் கட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். ஒருவருக்குக் கைக்குழந்தை. ஒருவருடைய மாமியார் படுத்த படுக்கை. இன்னொருவர் போன மாதம்தான் கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். கடைசியில், முடியாது என்று சொல்லப் பழகாத இளையவரோ, சொன்னால் வேலைக்கு வினை வருமோ என்று அஞ்சும் தற்காலிக ஆசிரியையோ பெட்டியைக் கட்டுகிறார். அவர் போவது உத்தரவால் என்றும் சொல்ல முடியாது, விருப்பத்தால் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே எழுதப்படாமல் கிடக்கும் அந்த எதிர்பார்ப்பைத்தான் இங்கே ஆராய வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இரவு தங்கும் எந்தப் பயணத்திலும் அவர்களை நன்கறிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அப்படி ஒருவரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை, அரசின் கடமை. அந்தச் சுமையைத் தனியொரு ஆசிரியரின் நல்ல மனத்தின் மீது ஏற்றிவிட்டு அதைத் தொண்டு என்று பெயரிட்டு அழைப்பது நியாயமில்லை.

ஆசிரியர்தான் வேண்டுமா, சுற்றுலா நிறுவனத்து ஆள் போதாதா என்று கேட்பவர்கள் பகலை மட்டும் நினைத்துப் பேசுகிறார்கள். போட்டிக்குப் போகும் அணிகள் பல நேரம் தங்குவது அந்த ஊர்ப் பள்ளியின் வகுப்பறையில். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, சாக்பீஸ் தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கிறார்கள். கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில் இருக்கும், போகும் வழியில் விளக்கிருக்காது. பத்து மணிக்குத் தலைகளை எண்ணி முடித்த ஆசிரியை தன் பாயை வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொள்கிறார். யார் வெளியே போனாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு முதன்முறையாக மாதவிலக்கு வந்துவிடுகிறது. இன்னொருத்திக்கு வீசிங், இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள் என்று அவள் அம்மா டீச்சரின் காதோடு சொல்லி அனுப்பியிருக்கிறார். விடிவதற்குள், மற்றவர்கள் எழுவதற்கு முன், அவளை எழுப்பிக் குளிக்க அனுப்ப வேண்டும். இந்தச் செய்தி எந்தச் சம்மதக் கடிதத்திலும் எழுதப்பட்டிருக்காது. பகலில் வழிகாட்டியாக யார் வேண்டுமானாலும் வரலாம். இரவில் வேண்டியது பழக்கம். பிள்ளை எதைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளும் பழக்கம். வகுப்பறையில் மாதக்கணக்கில் ஊறி வந்த அந்தப் பழக்கத்தைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ள வழியில்லை.

ஆனால் பிள்ளையை அறிந்திருப்பது வேறு, இடத்தை அறிந்திருப்பது வேறு. பள்ளிப் பயண விபத்துகளில் பல, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் நேர்ந்தவை. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் படகோட்டப் போன பிளைமவுத் பள்ளி மாணவர்களில் நால்வர் இறந்தார்கள். ஆசிரியரும் அவர்களுடன் கடலில்தான் இருந்தார். ஆனால் கடல் அவருக்குப் பழக்கமில்லை. முதலில் தடுமாறியவர்களில் அவரும் ஒருவர். அங்கே தவறியது பயிற்சி நிலையம். அதை நடத்திய நிறுவனத்தின் மீதும் அதன் இயக்குநர் மீதும் குற்றம் உறுதியானது. இளையோருக்கு வீரவிளையாட்டுப் பயிற்சி தரும் நிலையங்கள் உரிமம் பெற்றாக வேண்டும் என்று 1995இல் தனிச் சட்டமே வந்தது. 2014 ஜூனில் ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரை இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆறு அடித்துக்கொண்டு போனது. மேலே லார்ஜி அணையில் நீர் திறந்துவிடப்பட்டதை அறியாமல் அவர்கள் பாறைகளின் மேல் நின்றிருந்தார்கள். உடன் போன ஆசிரியர்களுக்கு அணையின் மதகு எப்போது திறக்கும் என்று எப்படித் தெரியும்? 2023 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கால்பந்துப் போட்டிக்குப் போன அரசு நடுநிலைப் பள்ளி மாணவியர் நால்வரை மாயனூர்க் காவிரி விழுங்கியது. 2024 டிசம்பரில் கோலார் மாவட்டத்து அரசு உறைவிடப் பள்ளி மாணவியர் நால்வர் முருடேஸ்வரம் கடலில் மாண்டார்கள். எல்லா இடத்திலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நின்றிருக்க வேண்டிய, நீரை அறிந்த, "இங்கே இறங்காதே" என்று தடுக்கும் அதிகாரமுள்ள ஆள்தான் இல்லை. ஆசிரியரை அனுப்பிவிட்டோம், அதுவே பாதுகாப்பு என்று ஒரு நிர்வாகம் நினைக்கும்போது ஆபத்து தொடங்கிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் வாரப் பணியைப் பாடத் தயாரிப்பு உட்பட 45 மணி நேரமாக வகுத்திருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறெந்தக் கல்விசாராப் பணியிலும் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பயணம் கல்விசார்ந்ததுதான், ஆகவே இந்தத் தடை பொருந்தாது என்று வாதிடலாம்; அந்த வாதம் சரியானதும்கூட. ஆனால் கல்விப் பணி என்று ஒப்புக்கொண்ட மறுகணம் நேரக் கணக்கு எழுந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறி, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து இறங்கினால் 60 மணி நேரம். ஒரு வாரத்துக்குச் சட்டம் சொன்ன வேலையைவிட இது அதிகம். அதுவும் வழக்கமான வேலை வாரத்தின் தலைமேல் ஏற்றிய சுமை. அந்த 60 மணி நேரத்தில் அவர் தூங்கினாலும் காவலில்தான் இருக்கிறார். நம் பள்ளிகளில் இதற்குக் கிடைப்பது, வெளிப்பணியில் இருந்தார் என்று வருகைப் பதிவேட்டில் குறிக்கும் ஓ.டி. என்ற இரண்டெழுத்தும், எப்போதோ வந்து சேரும் பயணப்படியும். இங்கிலாந்தில் ஒரு தலைமையாசிரியர் தன் ஆசிரியரை ஆண்டுக்கு 195 நாள், 1,265 மணி நேரம் வரைதான் பணிக்கு வரச் சொல்ல முடியும். சனி, ஞாயிறுகளில் வா என்று கட்டளையிட முடியாது. ஆகவே அங்கே இரவுப் பயணம் ஆசிரியரின் சம்மதத்தைச் சார்ந்தது. அப்படியிருந்தும் அங்கே பயணங்கள் நின்றுபோகவில்லை. கேட்டுப் பெறும் வழக்கம் வந்திருக்கிறது.

நேரக் கணக்கைவிடக் கனமானது, விபத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது. மாயனூரில் பிள்ளைகள் இறந்ததும் தலைமையாசிரியரும் இரு ஆசிரியர்களும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். முருடேஸ்வரத்தில் ஆறு ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் யார் மீது எவ்வளவு தவறு என்பது விசாரணைக்குரியது; நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் கவலைப்படுவது வரிசையைப் பற்றி. முதலில் தண்டனை, பிறகு விசாரணை. அந்த விசாரணையும் கடைசியாகப் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தவரோடு நின்றுவிடுகிறது. பயணத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தவர் யார், முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு இத்தனை பேர் போதும் என்று முடிவு செய்தவர் யார், கரையில் காவலர் இல்லாததற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் மேலே ஏறுவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பாடம் "கவனமாக இரு" என்பதல்ல. "போகாதே" என்பதே. ஆசிரியர்களிடையே, துறை ஒழுங்கு நடவடிக்கையைக் குறிக்கும் 17பி என்ற ஒரு சொல் போதும், அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஆள் கிடைக்காமல் போக.

தென் கொரியாவில் இதுதான் நடந்தது. 2022 நவம்பரில் சோக்சோ நகரப் பூங்காவுக்குச் சென்ற தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவர், வாகன நிறுத்துமிடத்தில் பேருந்து மோதி இறந்தார். வரிசைக்கு முன்னால் நடந்துபோன வகுப்பாசிரியை பின்னால் வந்த பிள்ளைகளைப் போதிய அளவு திரும்பிப் பார்க்கவில்லை என்று கருதிய சுன்சியோன் நீதிமன்றம், 2025 பிப்ரவரியில் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து இரண்டாண்டுக்கு நிறுத்திவைத்தது. தீர்ப்பு வந்ததும் பல பள்ளிகள் பயணங்களைக் கைவிட்டன. பாதுகாப்புக் கடமைகளை நிறைவேற்றிய ஆசிரியர்மீது சிவில், குற்றவியல் பொறுப்பு சுமத்தக் கூடாது என்ற சட்டத்திருத்தம் அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கூடுதல் உதவியாளர்களை அனுப்பவும் அதில் வழி உண்டு. நிறைவேற்றியது, நிறைவேற்றாதது என்று எதை வைத்து அளப்பது என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டன, நல்ல கேள்வி. இருந்தாலும் அந்தச் சட்டத்தின் திசை சரியானது. என்னென்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடு, செய்தவரைக் காப்பாற்று, செய்யாதவரைக் கேள் என்கிறது அது.

அந்த நாட்டிலிருந்தே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது மனத்தை அறுக்கும் செய்தி. 2014 ஏப்ரல் 16 அன்று சேவோல் கப்பல் மூழ்கியபோது, அதில் ஜேஜு தீவுக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருந்த தான்வோன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 325 பேர் இருந்தார்கள். 250 பேர் திரும்பவில்லை. ஆசிரியர்களில் பலருக்கு அறைகள் மேல்தளத்தில், தப்பிப்பதற்கு எளிதான இடத்தில் இருந்தன. அவர்களில் சிலர் மாணவர்கள் இருந்த கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டபடி இறந்தார்கள். அப்படி இறந்த வகுப்பாசிரியைகளில் இருவர் ஒப்பந்தப் பணியாளர்கள். பணியின்போது மாண்டவர் என்ற அங்கீகாரம் நிரந்தர ஆசிரியர்களுக்குக் கிடைத்தது. இந்த இருவருக்கும் மறுக்கப்பட்டது. அவர்கள் அரசுப் பணியாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்றது நிர்வாகம். குடும்பத்தார் மூன்றாண்டு போராட வேண்டியிருந்தது. 2017 மே மாதம், அந்நாட்டு ஆசிரியர் தினத்தன்று, புதிதாகப் பதவியேற்ற அதிபர் மூன் ஜே-இன் உத்தரவிட்ட பிறகே அந்த அங்கீகாரம் வந்தது. கப்பலில் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும்போது அவர்கள் முழு ஆசிரியர்கள்; இறந்த பிறகு அவர்கள் ஆசிரியர்களே இல்லை. இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு நம் பகுதிநேர ஆசிரியர்கள் நினைவுக்கு வர வேண்டும். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் போன்றவற்றுக்காக 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,000க்கும் மேற்பட்டோர் அமர்த்தப்பட்டார்கள். ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில் நிற்கிறார்கள். விளையாட்டும் கலையும்தான் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போகின்றன. வாரத்தில் மூன்று அரைநாள் என்று அமர்த்தப்பட்ட ஒருவரிடம் இரண்டு முழு இரவின் பொறுப்பைக் கொடுத்தால், அந்த இரவுகளில் அவருக்கு ஏதும் நேர்ந்தால், அவர் யார் என்ற கேள்விக்கு இன்றே எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

கடமை என்று சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால், ஜப்பானைப் பார்க்க வேண்டும். அங்கே பள்ளிச் சுற்றுலா 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரும் மரபு, பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியரை நேரம் கடந்து பணியாற்றச் சொல்லக்கூடிய நான்கு வகை வேலைகளில் ஒன்றாகப் பள்ளி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டது. சுற்றுலா அதில் அடங்கும். பதிலாக மாதச் சம்பளத்தில் 4 விழுக்காடு கூடுதலாகத் தந்து, மணிக்கணக்கு மிகைநேர ஊதியத்தை நீக்கியது. விளைவு என்ன? எத்தனை மணி நேரம் வேலை வாங்கினாலும் அரசுக்குச் செலவு ஒன்றே என்றாகிவிட்டதால், வேலை ஊறிக்கொண்டே போனது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2025இல், அதைப் படிப்படியாக 10 விழுக்காடாக உயர்த்த முடிவு செய்தார்கள். தட்டையான ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை மூடிவிடக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இரவுகளை எண்ண வேண்டும். ஒவ்வோர் இரவுக்கும் பணமோ ஓய்வு நாளோ ஈடாகத் தர வேண்டும்.

ஆசிரியப் பணியைக் கடிகாரத்தால் அளக்கலாமா, அந்தக் காலத்து வாத்தியார்கள் கணக்குப் பார்த்தா பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் பேசும் ஆசிரியர்கள் உண்மையில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து வாத்தியார் வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டவும் கிழவருக்கு மருந்து கொடுக்கவும் அவருடைய மனைவி இருந்தார். இன்று தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களில் பெண்களே பெரும்பான்மை. ஓர் ஆசிரியை இரண்டு இரவு வெளியூர் போவதென்றால் அவர் வீட்டில் மூன்று பேருடைய வேலை இடம் மாற வேண்டும். அர்ப்பணிப்பு குறைந்துவிடவில்லை, அதைத் தாங்கிப் பிடித்த, கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரின் உழைப்புத்தான் இப்போது இல்லை. தவிர, பொறுப்பை முன்பே அறிந்து ஏற்பவருக்கும் கடைசி நேரத்தில் தள்ளிவிடப்படுபவருக்கும் வேறுபாடு உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு ஏழு நாள் முகாம் உண்டென்று முதல் நாளே தெரியும். அவரிடம் எதிர்பார்ப்பது முறை. வியாழக்கிழமை மாலை கூப்பிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பச் சொல்லப்படும் கணக்கு டீச்சரிடம் அதையே எதிர்பார்ப்பது முறையல்ல.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று, அதற்கு எளிதான விடை என்னிடமும் இல்லை. ஆசிரியர் மறுக்கலாம் என்றால் இழப்பு யாருக்கு? கட்டணம் வாங்கும் பள்ளி, காசு கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ளும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். பையன்கள் அணி போய்விடும். லேடி டீச்சர் கிடைக்காததால் மாவட்டத்தை வென்ற பெண்கள் அணி போகாது. இது கற்பனை அச்சமல்ல. ஆகவேதான் மறுக்கும் உரிமை ஆசிரியருக்கும், ஏற்பாடு செய்தே தீரும் கடமை நிர்வாகத்துக்கும் ஒருசேர இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டே ஆசிரியைகள் உள்ள பள்ளியை மட்டும் நம்பாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வட்டார அளவில் விருப்பம் கேட்டு ஒரு பட்டியல் தயாரிக்கலாம். பட்டியலிலிருந்து வருபவர் அந்தப் பிள்ளைகளுக்குப் புதியவராக இருந்தால், புறப்படுவதற்கு முன் சில வாரமாவது மாலைப் பயிற்சிக்கு வந்து அவர்களோடு பழகட்டும். இரண்டாவது துணையாகத் தாய்மாரை அழைத்துக்கொள்ளலாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களுக்குப் பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் கொடுத்தால் வரக்கூடியவர்கள் கிராமத்துக்குக் கிராமம் உண்டு. பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே இரவு தங்குவது எப்படியும் கூடாது. கல்வி நிலையப் பணியாளர் தம் பிள்ளைகளிடம் செய்யும் பாலியல் குற்றத்தை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடுமையான வகையில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொரு கண் உடனிருப்பது பிள்ளைக்கும் காப்பு, நேர்மையான ஆசிரியருக்கும் காப்பு.

சட்டப் பாதுகாப்பு கொடுத்தால் அசட்டை பெருகாதா என்ற ஐயத்துக்கு 2002 மே மாதம் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நடந்தது விடை தருகிறது. மழை பெய்து வெள்ளம் பாய்ந்த, குளிர்ந்து விறைக்கும் மலை ஓடையில் பிள்ளைகளைக் குதிக்கவிட்டார் ஓர் ஆசிரியர்; பத்து வயதுச் சிறுவன் மூழ்கி இறந்தான். ஆசிரியர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார். அது அவரே எடுத்த முடிவு. கண்முன்னே தெரிந்த ஆபத்து. எந்தப் பாதுகாப்புச் சட்டமும் அதை மறைக்கக் கூடாது. அதே காலத்தில்தான் அந்நாட்டின் பெரிய ஆசிரியர் சங்கங்களில் ஒன்றான நாசுவுட், பயணங்களுக்குப் போகவேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை சொன்னது. அது தவறான அறிவுரை என்றே நினைக்கிறேன். தப்பு செய்தவர் தண்டனை பெறுவதைக் கண்டு தப்பு செய்யாதவர்கள் அஞ்சத் தேவையில்லை; அஞ்ச வேண்டியிருப்பது, இரண்டையும் பிரித்துப் பார்க்காத நிர்வாகத்தைக் கண்டுதான்.

எல்லாப் பயணத்தையும் நிறுத்திவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழுகிறது. சேவோலுக்குப் பின் கொரியா அந்தப் பருவம் முழுக்கத் தடை விதித்தது. 1955இல் ஷியூன்மாரு படகு மூழ்கி, சுற்றுலா சென்ற மாணவர்கள் 100 பேர் இறந்தபோது ஜப்பான் வேறு வழியில் போனது. பள்ளிகளில் நீச்சல் குளங்கள் பெருகின; அந்தக் கடலிடுக்கின் மீது பாலம் கட்டும் கோரிக்கை வலுப்பெற்று 1988இல் பாலம் வந்தது. பயணம் தொடர்ந்தது. நாமும் மாற்ற வேண்டியது பயணம் நடக்கும் விதத்தைத்தான். கேரளத்து வடக்கஞ்சேரியில் 2022 அக்டோபர் 5 இரவு ஊட்டிக்கு வந்துகொண்டிருந்த பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். ஐந்து மாணவர்கள், மூன்று பயணிகள், ஓர் ஆசிரியர். வண்டி மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் போனது. விடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம் என்ற கணக்கில் பல பள்ளிகள் இரவுப் பயணம் வைக்கின்றன. அந்தக் கணக்கை ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் போட்டிருக்க மாட்டார்.

ஆகவே அவர் கையில் கொடுத்தனுப்பும் தாளைத்தான் மாற்ற வேண்டும். இன்று அதில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும், பத்திரமாக அழைத்துச் சென்று பத்திரமாக அழைத்து வர வேண்டும் என்ற ஒற்றை வரியும். அந்தத் தாளில், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்ற எண் இருக்கட்டும். தங்குமிடத்தை நேரில் பார்த்து ஒப்புதல் தந்த அதிகாரியின் கையெழுத்து இருக்கட்டும். வண்டி எந்த மணிக்கு மேல் ஓடக் கூடாது என்று இருக்கட்டும். நீர்நிலையில் பிள்ளைகளை இறக்க அனுமதி இல்லை என்றும், யார் வற்புறுத்தினாலும் மறுக்க ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு என்றும் இருக்கட்டும். அவர் நிரந்தரப் பணியாளரோ பகுதிநேரமோ, புறப்பட்ட நொடியிலிருந்து திரும்பும் நொடிவரை முழுநேர அரசுப் பணியில் இருக்கிறார் என்று இருக்கட்டும். ஞாயிறு நள்ளிரவில் கடைசிப் பிள்ளையை அப்பாவின் டிவிஎஸ் ஃபிப்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடு திரும்பும் அவருக்கு, திங்கட்கிழமை முதல் பீரியட் கிடையாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.